தொப்பி எங்கே போயிற்று?

பக்கவாத்தியத்தைப் பற்றி அபிப்பிராயம் சொல்லத் தெரியாதவர் தஞ்சை ஜில்லாவில் அபூர்வம். ஆயினும், இன்று அநேக வீடுகளில் கேட்கப்படுவது பாதி மிருதங்கந்தான்! புத்தக அலமாரியில் அடங்கும் சிறு ஸ்பீக்கர்களில் வலந்தலை கணீரென்று ஒலிக்கிறது. தொப்பியின் கும்காரமோ மறைந்துவிடுகிறது.

பாலக்காடு மணி ஐயர் (1912–1981) தஞ்சாவூர் வைத்தியநாத ஐயரிடம் பயின்றவர். மைக் இல்லாமல் வாசிப்பதே மேல் என்று ஒரு காலத்தில் வற்புறுத்தியவர். அவருடைய ஒலிப்பதிவைப் பாதி தொலைத்துவிட்டுக் கேட்பது நியாயமா?

காரணம் எளிது. ஐந்தங்குல ஸ்பீக்கரால் போதிய காற்றை அசைக்க இயலாது. விநாடிக்கு 80 அதிர்வுகளுக்குக் கீழே பலவற்றின் குரல் இளைக்கத் தொடங்கும். ஒரு கட்டை சுருதிக்குச் சேர்த்த தம்பூராவின் மந்தர ஷட்ஜமோ சுமார் 65 அதிர்வுகள்!

அந்தக் கீழ்ப்பகுதியை ஏற்பதற்கே சப்வூபர். இரண்டுக்கும் எல்லையைச் சுமார் 80-இல் வைப்பது வழக்கம். அதற்குக் கீழுள்ள ஒலி எத்திசையிலிருந்து வருகிறதென்று செவி எளிதில் அறியாது. ஆகவே ஒரு பெட்டியே போதும். அதைச் சுவர் மூலையில் வைத்தால் முழக்கம் மிகும். சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டுப் பார்க்க வேண்டும். முற்றமுள்ள கூடத்துக்குப் பொருந்திய அளவு, கதவடைத்த சிற்றறைக்குப் பொருந்தாது.

ஆம்பிளிபயர் வாங்குவோர் பெட்டியின்மேல் அச்சிட்ட ஆயிரக்கணக்கான 'பி.எம்.பி.ஓ.' வாட்டைக் கண்டு மயங்க வேண்டாம், ஆர்.எம்.எஸ். வாட்டையே பார்க்க வேண்டும். 50 வாட்டை 100 ஆக்கினாலும் கூடுவது 3 டெசிபல்தான். செவிக்கு அது இருமடங்காகத் தோன்றாது. ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் 87 டெசிபல் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 தருவதை வாங்கினால், அதே பலன் செலவின்றிக் கிட்டும். ஸ்பீக்கரின் 'ஓம்' அளவு, ஆம்பிளிபயர் அனுமதிக்கும் அளவுக்குக் குறையாதிருப்பதும் அவசியம். குறைந்தால் ஆம்பிளிபயர் சூடேறித் தவிக்கும்.

எல்லாம் சேர்ந்தபின், பழகிய கச்சேரி ஒன்றைக் கேளுங்கள். சப்வூபர் இருப்பது தெரிந்தால் ஒலி அதிகம். அதை நிறுத்தியதும் ஏதோ குறைந்தாற்போல் இருந்தால் அளவு சரி. பக்கவாத்தியம் பாட்டை மீறலாகாது என்பது நம் வித்வான்கள் வகுத்த நியாயம். பெட்டிகளுக்கும் அதுவே நியாயம்.