மதியும் புயலும்

உவாநாள் வந்துற்றால் கடல் பொங்கும் என்பது நெய்தல் நில மக்கள் வழிவழி அறிந்த உண்மை. கடலையே எழுப்பும் மதி அக்கடல்மேற் புயலையும் எழுப்புமோ என்னும் ஐயம் பலர்க்கும் உண்டு. அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

எழுப்பும் என்பார்க்குச் சான்று இல்லாமலில்லை. கார்ப்பெண்டர் முதலிய மூவர் 78 ஆண்டுக் குறிப்புக்களை ஆராய்ந்து, 1972-ஆம் ஆண்டில் தம் முடிபை வெளியிட்டனர். வட அட்லாண்டிக், வடமேற்குப் பசிபிக் கடல்களில் கடும்புயல்கள் அரைமதி நாட்களினும் அமாவாசை பௌர்ணமிகளை ஒட்டி நூற்றுக்கு இருபது அளவு மிகுதியாய்த் தோன்றின என்பதே அது.

எனினும், உடன் நிகழ்வன எல்லாம் காரண காரியம் ஆகா. புயல் பிறத்தற்கு ஏறத்தாழ 26.5 பாகை சென்டிகிரேடுக்குக் குறையாத கடல்வெப்பமும், ஈரமிக்க காற்றும், புவிச்சுழற்சியின் துணையும் வேண்டும். மதியின் ஈர்ப்பு வளிமண்டலத்தையும் அசைப்பது மெய்யே. ஆயின் அதனால் காற்றழுத்தம் அசைவது ஒரு மில்லிபாரிற் பத்திலொரு பங்கினுங் குறைவு. கடும்புயலின் நடுவிலோ அழுத்தம் பற்பல மில்லிபார் தாழ்கின்றது. ஆதலின் மதியைப் புயலின் தாய் என்றல் பொருந்தாது.

அங்ஙனமாயின் மதிக்கும் புயலுக்கும் தொடர்பே இல்லையோ? உண்டு, அது புயல் பிறக்குமிடத்தன்று, கரையேறுமிடத்து. உவாநாளில் ஞாயிறும் திங்களும் ஒருங்கே ஈர்த்தலால் ஓதம் உயர்கின்றது. அவ்வோதத்தின்மேல் புயல் உந்திய நீரும் ஏறுமாயின் தாழ்ந்த கரைகளின் கதி என்னாம்? 1970 நவம்பர் 12-ஆம் நாள் இரவு, நிறைமதியை ஒட்டிய ஓதம் உயர்ந்த வேளையில், அந்நாட் கிழக்குப் பாகிஸ்தானில் ஒரு புயல் கரையேறிற்று. மூன்று லட்சத்திற்கு மேற்பட்ட மக்கள் மாண்டனர். 1991 ஏப்ரல் 29-ஆம் நாள், நிறைமதிக்கு மறுநாள் இரவில், அதே நாடாகிய வங்காள தேசத்தில் மீண்டும் லட்சத்திற்கு மேற்பட்டோரைக் கடல் விழுங்கிற்று.

இனி, உவாநாள் அன்றேல் அச்சமில்லை எனத் துயில்வதும் பேதைமையாம். 1999 அக்டோபர் 29-இல் ஒரிசாவிற் பல்லாயிரவரை மாய்த்த பெரும்புயல் கரையேறியது மதி தேய்ந்து அரைமதியை அணுகிய நாளிலன்றோ?

ஆதலின் நம் கருத்து இது: புயல் என்று பிறக்கும் என மதியை வினாவுதல் வீண். பிறந்த புயல் எந்நாள், எந்நாழிகை கரையேறும், அவ்வேளை ஓதம் எத்துணை உயரும் என வினாவுதலே அறிவுடைமை. எச்சரிக்கை விடுப்போர் காற்றின் விரைவோடு நீரின் உயரத்தையும், கரைவாழ் மீனவர்க்கு விளங்கும் தமிழில், காலத்தே கூறுவாராக. கற்ற நாமும் அதனை அவர்தம் குடில்தோறும் சென்று உரைத்தல் கடன். மதியின் மீது பழி சுமத்துவதால் ஓருயிரும் பிழைக்கப் போவதில்லை.