வயலில் அவள், உறுதியில் யார்?

பெண்ணுக்குச் சமவுரிமை கிடைத்துவிட்டது, இனி அதைப்பற்றிப் பேசுவதிற் பொருளில்லை என்று சொல்வோர் நம்மிடையே பெருகிவருகின்றனர். அவர்கள் காட்டும் சான்றுகளும் சிறியனவல்ல. 1931ஆம் ஆண்டில் சர்வசன வாக்குரிமை வந்தபோது இலங்கைப் பெண்ணும் ஆணுக்குச் சமமாக வாக்களித்தாள். 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கே வாக்கு என டொனமூர் ஆணைக்குழு விதந்துரைத்திருந்தும், ஆணுக்குரிய 21 வயதே பெண்ணுக்கும் வழங்கப்பட்டது. 1932இல் கொழும்பு வடக்கிலிருந்து நேசம் சரவணமுத்து அரசாங்க சபைக்குச் சென்றார். 1960இல் சிறிமாவோ பண்டாரநாயக்கா உலகின் முதற் பெண் பிரதமரானார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு தன் 12ஆம் உறுப்புரையில், பால் காரணமாக எப்பிரசைக்கும் பாரபட்சம் காட்டலாகாது என்கின்றது. 2024இல் ஹரிணி அமரசூரிய பிரதமர் பதவியேற்றார். அதே ஆண்டு தெரிவான பாராளுமன்றத்தில் பெண்கள் பத்தில் ஒரு பங்கைத்தானும் எட்டவில்லை என்பதை மட்டும் இவர்கள் சொல்லாது விட்டுவிடுவர்.

இவர்களோடு நாம் வாதிட விரும்பவில்லை. மாத்தளை மாவட்டத்து வில்கமுவப் பகுதிக்கு ஒருமுறை போய்வரும்படி மட்டும் கேட்டுக்கொள்கிறோம். அங்கே களை பிடுங்கும் பெண்ணொருத்தியிடம், "இந்த வயல் யார் பெயரில் இருக்கிறது?" என்று விசாரித்து வரட்டும்.

வில்கமுவ மகாவலிக்கு மேற்கே, வஸ்கமுவ வனத்தை அண்டிக் கிடக்கும் நெல் நாடு. மினிப்பே இடதுகரை வாய்க்கால் கொண்டுவரும் நீரே அதன் உயிர். வாய்க்காலில் தண்ணீர் வந்தால் யானையும் கூடவே வரும். கதிர் முற்றும் காலத்திலே இரவு முழுவதும் காவற்பரணில் விழித்திருப்போர் பெரும்பாலும் ஆண்கள். யானையால் மாள்வோரும் அவர்களே. இது போதாதென்று, காரணம் இன்னதென இன்னமும் முற்றாக நிறுவப்படாத சிறுநீரக நோயொன்று இப்பகுதியையும் வடமத்திய மாகாணத்தையும் நெடுங்காலமாக அரித்து வருகின்றது. அந்நோயும் வயலில் வேலைசெய்யும் நடுவயது ஆண்களையே மிகுதியாகப் பற்றுகின்றது. ஆகவே, குடும்பத் தலைவன் என்று அரசாங்கத்தின் ஏட்டிலே எழுதப்பட்டவன் வயது முதிருமுன்னே மறைந்துபோவது அங்கே அரிதன்று. அவனுக்குப் பின் மண்வெட்டியைத் தூக்குபவள் மனைவி. கேள்வி என்னவென்றால், அவளுக்கு அந்த மண்ணில் என்ன உரிமை என்பதே.

இத்தகைய அரச காணிகள் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் மக்களுக்கு வழங்கப்படுகின்றன. முதலில் அனுமதிப்பத்திரம், பின்னர் அளிப்புப் பத்திரம். 'சுவர்ணபூமி' என்றும் 'ஜயபூமி' என்றும் அரசாங்கத்துக்கு அரசாங்கம் பெயர் மாறினும் ஆளும் சட்டம் ஒன்றே. காணி பெற்றவர் தம் பின்னுரித்தாளரைப் பெயர் குறித்துப் பதிந்துவைக்கலாம். பதியாமல் இறந்தால் காணி யாருக்குச் செல்லும் என்பதை அச்சட்டத்தின் மூன்றாம் அட்டவணை வகுத்தது. முதலில் மகன்மார், அவர்கள் இல்லாவிடில் மகள்மார். பேரன்மார், அதன்பின் பேர்த்திமார். தந்தைக்குப் பின் தாய், சகோதரனுக்குப் பின் சகோதரி. ஒவ்வொரு படியிலும் ஆண் முன்னே, பெண் பின்னே. ஒரே படியிற் பலர் இருப்பின் மூத்தவருக்கு. எனவே, ஐந்து பெண்களுக்குப் பின் பிறந்த கடைக்குட்டி மகன், வயலிற் கால் வைத்தறியாதவனாயினும், தன் மூத்த சகோதரியை முந்தினான்.

மனைவிக்கோ? கணவன் பெயர் குறியாமலே இறந்திருப்பினும் அவள் காணியை அனுபவிக்கலாம் என 1981ஆம் ஆண்டின் திருத்தம் இடமளித்தது. அளிப்புப் பெற்ற காணியில் அவ்வனுபவத்துக்கும் கட்டுகள் இருந்தன. அவள் அதைக் கைமாற்ற முடியாது. தனக்குப் பின் இன்னாருக்கு என்று பெயர் குறிக்க முடியாது. மறுமணம் செய்தால் காணி அவளை விட்டு நீங்கும். முப்பது வருடம் அவளும் நாற்று நட்ட வயல் அது.

காணி துண்டாடப்படலாகாது என்பதற்காகவே ஒருவருக்கு மட்டும் செல்லும் விதி வகுக்கப்பட்டது என்பார்கள். துண்டாடலின் தீமையைக் கமக்காரரான எம் வாசகர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. கால் ஏக்கரில் நாலு பேர் உழ முடியாது. ஆனால் ஒருவருக்கே செல்லவேண்டும் என்பதற்கும், அந்த ஒருவர் ஆணாகவே இருக்கவேண்டும் என்பதற்கும் என்ன தொடர்பு? மகள் ஒருத்திக்குச் சென்றாலும் காணி முழுதாகத்தானே இருக்கும்! கமம் என்றால் ஆணின் தொழில் என்று அன்றைய உத்தியோகத்தர்கள் எண்ணினார்கள், அவ்வெண்ணம் சட்டமாயிற்று. சட்டமானபின் அதுவே வழக்கமும் ஆயிற்று.

2022ஆம் ஆண்டிலே பாராளுமன்றம் இச்சட்டத்தைத் திருத்தி, மகனை மகளுக்கு முன் வைத்த வரிசையை நீக்கியது. அதனை நாம் மனமார வரவேற்கிறோம். ஆயினும் 87 ஆண்டுகள் கழிந்தபின் வந்த திருத்தம் அது. அவ்வளவு காலமாக மகன்மார் பெயரில் ஏறிய உறுதிகளை அது திருப்பித் தரவில்லை. உயிரோடிருக்கும் கணவனின் பெயருக்குப் பக்கத்தில் மனைவியின் பெயரை அது எழுதவுமில்லை. ஏட்டில் ஒரே பெயர்தான் இருக்கின்றது. அது பெரும்பாலும் ஆணின் பெயர். அப்பெயரைப் பின்பற்றியே மற்றவையெல்லாம் நடக்கின்றன. கமநல சேவை நிலையத்தின் பதிவு, உர மானியம், பயிர் அழிந்தாற் கிடைக்கும் நட்டஈடு, வங்கிக் கடன் எதைக் கேட்டாலும் "காணி யார் பெயரில்?" என்பதே முதற் கேள்வி. கமக்காரர் அமைப்பின் கூட்டத்திலே, வாய்க்காலில் எந்த நாளில் யாருக்குத் தண்ணீர் என்று முடிவாகும்போது, காணிக்காரனின் மனைவி பேச எழுந்தால் "அவரை வரச்சொல்லுங்கள்" என்பார்கள்.

வில்கமுவ சிங்களக் கமக்காரர் பெரும்பான்மையாக வாழும் பகுதி. அங்குள்ள வயலின் உறுதிபற்றித் தமிழ் ஏடு கவலைப்படுவானேன் என்று கேட்பவரும் இருப்பர். அரசாங்கத்தின் குடியேற்றக் கொள்கைபற்றி எமக்குச் சொல்லவேண்டியது நிறைய உண்டு; அது வேறு பொருள். இங்கே நாம் சொல்வது ஒன்றே: கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் குடியேற்றத் திட்டங்களில் காணி பெற்ற தமிழ்க் கமக்காரரையும் ஆள்வது இதே சட்டம். வில்கமுவவில் யானையும் நோயும் செய்ததை வன்னியில் யுத்தம் செய்தது. கணவன் இறந்தானா, காணாமற் போனானா என்று நிறுவ முடியாத பெண்ணுக்கு, அவன் பெயரிலுள்ள அனுமதிப்பத்திரத்தைத் தன் பெயருக்கு மாற்றுவது எத்துணைப் பாடு என்பதை அங்குள்ள பிரதேச செயலகங்களின் வாங்குகளில் காத்திருந்தோர் அறிவர். மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரங்களிலோ வீடு பெண்ணின் சீதனம் என்பது பழைய வழக்கு. 2004 டிசம்பரில் கடல்கோள் அவ்வீடுகளை அழித்தபின், அரச காணியிற் கட்டிக்கொடுத்த வீடுகள் பலவற்றின் பத்திரம் 'குடும்பத் தலைவர்' என்ற சொல்லின் பேரால் ஆணுக்குப் போயிற்று. சொந்த வீட்டை இழந்தவள் மனைவி; புது வீட்டுக்கு உடைமைக்காரன் கணவன்!

நம்மவர் சட்டத்தையும் சற்றுப் பார்ப்போம். பெண்ணுக்குச் சீதனக் காணி கொடுக்கும் சமூகம் நாம் என்று பெருமை பேசுகிறோம்; அது மெய்யே. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாகவுரிமைகள், மரபுரிமைகள் கட்டளைச் சட்டம், அதே பெண் அதே காணியை விற்பதற்குக் கணவனின் எழுத்துச் சம்மதம் வேண்டும், அல்லது மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என விதித்தது. 1923இலேயே நாட்டின் பொதுச் சட்டம் மணமான பெண்ணுக்குத் தன் சொத்தைத் தானே கையாளும் உரிமையைக் கொடுத்திருந்தது. பெண்களுக்கு வாக்குரிமை கூடாதென்று டொனமூர்க் காலத்தில் உரத்துக் கூறியவர்களுள் சேர். பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். 1913இல் யாழ்ப்பாணத்திற் பெண்களுக்கெனக் கல்லூரி நிறுவியவரும் அவரே. படிப்பிக்கலாம், சீதனம் கொடுக்கலாம், ஆனால் தீர்மானிக்கும் அதிகாரம் கொடுக்கலாகாது என்ற இம்மனப்பான்மை அவரோடு மறைந்துவிடவில்லை. கடலுக்கப்பால், 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சமபங்கு என்று தீர்மானித்தது. தமிழ்நாட்டில் அது சட்டமாக 1989 வரையும், இந்தியா முழுமைக்கும் 2005 வரையும் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இவையெல்லாம் பழங்கதையன்று என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2024இல் 'உறுமய' என்ற பெயரில், அனுமதிப்பத்திரமும் அளிப்புப் பத்திரமும் வைத்திருப்போருக்கு முழு உரிமையுள்ள உறுதி வழங்கும் திட்டம் தொடங்கப்பட்டது. எந்த அரசாங்கம் எப்பெயரில் இம்முயற்சியைத் தொடர்ந்தாலும், அதன் விளைவைக் கமக்காரக் குடும்பங்கள் நன்றாய் எண்ணிப்பார்க்க வேண்டும். இதுவரை அரசின் கட்டுப்பாடு இருந்தமையால் காணியை நினைத்தவாறு விற்க இயலாது. மனைவி மக்களுக்கு அது ஓரளவு காவலாயும் இருந்தது. அக்கட்டு அவிழ்ந்தபின், உறுதியில் பெயருள்ளவர் கடனுக்காகவோ குடிக்காகவோ விற்றாலும், மற்றவர் கேட்க வழியிராது. ஆணின் பெயரிலேயே முழு உறுதியும் எழுதப்பட்டுவிடின், 1935இன் அநீதியைத் திருத்த வந்த 2022ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அக்காணிகளில் வேலையே இல்லை.

ஆதலால் நாம் கோருவது இது. முழு உரிமை வழங்கும் ஒவ்வோர் உறுதியும் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதப்படவேண்டும். அதற்கு இடந்தராத விதி எதுவாயினும் பாராளுமன்றம் அதனை முதலில் திருத்தவேண்டும். அதுவரை, காணி பெற்ற கமக்காரர் ஒவ்வொருவரும் தம் மனைவியையே பின்னுரித்தாளராகப் பெயர் குறித்துப் பதிந்துவைப்பாராக. வழக்கறிஞர்களும் ஆசிரியர்களும் அப்பத்திரங்களை நிரப்பிக்கொடுக்க ஊர்தோறும் ஒரு நாள் ஒதுக்குவாராக. பெயர் மாற்றம் கேட்டு வரும் விதவையிடம் மகன்மாரின் கையொப்பம் எங்கே என்று கேட்கும் அலுவலர், எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி அதைக் கேட்கிறார் என்று எழுத்தில் கொடுக்கவேண்டும். அடுத்த பெரும்போகத்துக்கு வாய்க்கால் திறக்குமுன் இவற்றுள் முதலாவதைப்பற்றிக் காணி அமைச்சு என்ன சொல்லப்போகிறது என்பதை அறியக் காத்திருக்கிறோம்.