முதற் பாகமும் இரண்டாம் பாகமும்

ஒரு நூல் மக்களால் விரும்பப்பட்டால், அதற்கு இரண்டாம் பாகம் வேண்டும் என்று கேட்பது உலக வழக்கம். அவ்வாறு கேட்டவர்களே, இரண்டாம் பாகம் வந்தவுடன், "முதற் பாகம் போல் இல்லையே!" என்று குறை கூறுவதும் அவ்வழக்கத்தின் மறுபாதியாகும். இது புதினத்துக்கும் பொருந்தும், திரைப்படத்துக்கும் பொருந்தும், இன்று நம் பிள்ளைகள் கணினியின் முன் அமர்ந்து ஆடும் விளையாட்டுகளுக்கும் பொருந்தும். அத்தகைய விளையாட்டு ஒன்றைப் பற்றி இம்மாதம் எழுதப் போகிறேன். பெரியவர்கள் இதைக் கண்டு பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். பேச்சு முடிவில் நம் வீட்டுக்குள்ளேயே வந்து சேரும்.

கணினி விளையாட்டுகளில் வேடம் ஏற்று ஆடுவது என்று ஒரு வகை உண்டு. ஆடுபவர் கதையில் வரும் ஒருவராகவே மாறி, அவர் பேச வேண்டியதைத் தாமே தேர்ந்து பேசி, அவர் எடுக்க வேண்டிய முடிவுகளைத் தாமே எடுக்கிறார். நம் தெருக்கூத்திலும் வேடம் உண்டு. ஆனால் துரியோதனன் வேடம் கட்டியவர் எவ்வளவு திறமையாக ஆடினாலும் பதினெட்டாம் போரில் வெல்ல இயலாது. கதையின் முடிவு முன்னரே எழுதப்பட்டுவிட்டது. இவ்விளையாட்டுகளிலோ கதையின் போக்கில் ஒரு பகுதி, வேடம் கட்டியவரின் முடிவைப் பொறுத்தே அமைகிறது.

இவ்வகையில் பெரும்புகழ் பெற்றது 'மாஸ் எஃபெக்ட்'. கனடா நாட்டின் எட்மண்டன் நகரைச் சேர்ந்த பயோவேர் நிறுவனம் இதன் முதற் பாகத்தை 2007இலும், இரண்டாம் பாகத்தை 2010இலும், மூன்றாம் பாகத்தை 2012இலும் வெளியிட்டது. 2021இல் மூன்றும் புதுப்பிக்கப்பட்டு ஒரே தொகுப்பாக வந்தன. கதைத் தலைவர் ஷெப்பர்ட் என்னும் விண்வெளிப் படைத்தலைவர். அவர் ஆணா பெண்ணா என்பதை ஆடுபவரே முடிவு செய்யலாம்.

முதற் பாகத்தில் வியப்பு மிகுதி. அறியாத கோள்கள், அங்கு வாழும் பல இனத்தவர், அவர்களுடைய பழம்பகைகள், உயிர்க்குலம் அனைத்தையும் அழிக்க வரும் பேராபத்து ஆகிய எல்லாவற்றையும் அது பொறுமையாக விரித்துக் காட்டியது. ஆடுபவர் ஊர்தி ஒன்றில் ஏறிப் பாழ்நிலங்களில் நெடுந்தொலைவு சுற்றினார். கருவிகளும் கவசங்களும் பை நிறையக் குவிந்தன. அவற்றைப் பிரித்து அடுக்குவதிலேயே பொழுது போயிற்று.

இரண்டாம் பாகம் அவ்வூர்தியை நீக்கியது. பையையும் ஏறக்குறைய நீக்கியது. போரிடும் முறை செம்மையாயிற்று. மாறாக, துணைவர்களைப் பற்றிய கதைகள் பெருகின. மீண்டு வருவது உறுதியில்லாத ஒரு பயணத்துக்கு ஆட்களைச் சேர்க்க வேண்டும். அவர்கள் ஒவ்வொருவருடைய மனக்குறையையும் அறிந்து தீர்த்து வைக்க வேண்டும். இவ்வேலையைச் சரியாகச் செய்யாதவர், இறுதிப் போரில் துணைவர்களைப் பறிகொடுப்பார். "சுற்றித் திரியும் உரிமை போயிற்று, பெரிய கதை ஓரடியும் நகரவில்லை" என்றனர் பழைய ஆட்டக்காரர். "இதில்தான் மனிதர்கள் இருக்கிறார்கள்" என்றனர் புதியவர். இரண்டையும் ஆடிப் பார்த்தவன் என்ற முறையில் கூறுகிறேன்: இரு சாராரும் சொல்வது உண்மையே. முதற் பாகம் உலகத்தைக் காட்டியது. இரண்டாம் பாகம் உடன் வருபவரைக் காட்டியது.

ஆயினும் இவ்விரண்டையும் பிணைக்கும் ஏற்பாடு ஒன்று உண்டு. அதுவே என்னைப் பெரிதும் சிந்திக்க வைத்தது. முதற் பாகத்தை முடித்தவர், தாம் ஆடிய வரலாறு அடங்கிய சேமிப்புக் கோப்பை இரண்டாம் பாகத்துக்குக் கொண்டு செல்லலாம். முன்னதில் இறந்தவர் பின்னதில் வருவதில்லை. துணைவர் இருவருள் ஒருவரையே காப்பாற்ற முடியும் என்ற நெருக்கடி முதற் பாகத்தில் வருகிறது. எவரைக் காத்தோமோ அவரே இரண்டாம் பாகத்தில் எதிரே வந்து நிற்கிறார். நன்றி கூறித் தழுவிக்கொள்வதோடு நிற்கவில்லை, "நீங்கள் இப்பொழுது யாருக்காக உழைக்கிறீர்கள்?" என்று சினந்து கேட்டு, உடன் வர மறுத்துப் போகிறார். பழைய கோப்பைக் கொண்டு செல்லாதவருக்கோ, விளையாட்டே ஒரு பழங்கதையைத் தானாகக் கற்பித்து வைத்துக்கொள்கிறது. அவர் எடுக்காத முடிவுகளுக்கெல்லாம் அவரே பொறுப்பாளி ஆகிறார்.

கணினியைக் காணாத காலத்திலேயே நம் முன்னோர் இவ்வகை இரண்டாம் பாகம் ஒன்றை நமக்கு வைத்துப் போயினர். அதுவே மணிமேகலை. இளங்கோவடிகளின் சிலப்பதிகாரமும் சாத்தனாரின் மணிமேகலையும் இரட்டைக் காப்பியங்கள் எனப்படுவதை யாவரும் அறிவர். இரண்டிலும் முப்பது காதைகள். மணிமேகலையின் பொருளோடு சேர்ந்தே தன் கதை முற்றுகிறது என்று சிலப்பதிகாரத்தின் நூற்கட்டுரையும் குறிக்கிறது. ஏட்டுச் சுவடிகளில் கிடந்த இவற்றை உ. வே. சாமிநாத ஐயர் 1892இல் சிலப்பதிகாரமாகவும் 1898இல் மணிமேகலையாகவும் அச்சேற்றினார்.

இவற்றையும் மக்கள் ஒப்பிட்டுப் பார்த்தே வந்துள்ளனர். சிலம்பில் ஆடலும் பாடலும் உண்டு. கானல்வரியும் குரவைக் கூத்தும் உண்டு. அரசவையில் நீதி கேட்ட ஒரு பெண்ணின் சீற்றம் உண்டு. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் கொள்கைகளை வரிசையாக விரித்துரைக்கின்றனர். அளவை நூல் பாடமாகவே வருகிறது. சிலம்பின் சுவையை எதிர்பார்த்து வந்தவர்க்கு இது ஏமாற்றமாக இருத்தல் இயல்பே.

ஆனால் மணிமேகலை செய்யத் துணிந்த செயல் வேறு. கோவலன் கொலையுண்ட செய்தி கேட்டு மாதவி துறவு பூணுகிறாள். இந்திர விழாவில் ஆடுவதற்கு வருமாறு அவளுடைய தாய் சித்திராபதி ஆளனுப்புகிறாள். பாட்டியின் விருப்பம் எளியது: தான் செய்த தொழிலை மகள் செய்தாள், அதையே பேத்தியும் செய்ய வேண்டும். முதற் பாகத்தையே மீண்டும் ஒருமுறை நடத்துங்கள் என்று கேட்கும் உள்ளம் அது. மாதவி மறுக்கிறாள். மறுக்கும்பொழுது, மணிமேகலையைத் தன் மகள் என்று சொல்லாமல் கண்ணகியின் மகள் என்று சொல்கிறாள். எத்துணைப் பெரிய சொல்! தான் பெற்ற பெண்ணுக்குத் தன் தொழிலைக் கொடாமல், தான் மதித்த ஒருத்தியின் பெருமையைக் கொடுக்கிறாள். சேமிப்புக் கோப்பிலிருந்து எதைக் கொண்டு செல்ல வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்று தேர்ந்தவள் மாதவி.

அப்பெண் அதைச் சுமந்துகொண்டு புதுவழி நடக்கிறாள். மணிபல்லவத் தீவில் தன் முற்பிறப்பை அறிகிறாள், அமுதசுரபியைப் பெறுகிறாள். வேடம் ஏற்றலும் இக்கதையில் உண்டு. தன்னை விரும்பித் தொடரும் உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். அவ்வுருவிலேயே சிறையிலிருந்தோர்க்குச் சோறிட்டு, மன்னனிடம் வேண்டிச் சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குகிறாள். அவ்வேடமே இளவரசன் காஞ்சனனால் வெட்டுண்டு மடியவும் காரணமாகிறது. ஏற்ற வேடத்தின் விளைவை ஏற்றவரே சுமக்க வேண்டும் என்பதைச் சாத்தனார் மறைக்கவில்லை.

மிகச் சிறந்த இடம் ஒன்று உண்டு. வஞ்சி நகரில் கண்ணகியின் கோயிலுக்கு மணிமேகலை செல்கிறாள். வணங்கி எழுவதோடு நில்லாமல், மதுரையை எரித்தது ஏன் என்று அப்பத்தினியையே கேட்கிறாள். கண்ணகித் தெய்வமும் சினத்தால் செய்த அச்செயலுக்கு வினைப்பயன் உண்டென்பதை ஒப்புக்கொள்கிறது. முதற் காப்பியத்தின் தலையாய செயலையே இரண்டாம் காப்பியம் மதிப்புக் குறையாமல் கேள்வி கேட்கிறது. நினைவு இல்லாமல் இக்கேள்வி பிறவாது. அன்பு இல்லாமல் இதற்கு விடை கிடையாது.

இரண்டாம் பாகம் நல்லதா என்று காண, அது முதற் பாகம் போல் இருக்கிறதா என்று பார்த்தல் போதாது. முன்னதை அது நினைவில் வைத்திருக்கிறதா, தனக்கென்று ஒரு வேலையைச் செய்கிறதா என்றே பார்த்தல் வேண்டும்.

எங்கள் மான்குர்த் நிலையத்தையே பாருங்கள். 1951இல் குர்லாவிலிருந்து இங்கு ரயில் வந்தது. நாற்பது ஆண்டுகள் இதுவே பாதையின் முடிவு, இதற்கப்பால் கழிமுகம். 1992இல் கழிமுகத்தின் மேல் பாலம் கடந்து பாதை வாஷிக்குச் சென்றது. 1998இல் பன்வேலை எட்டியது. புதிய பாதை பழைய பாதையைப் போல் நிலத்தின்மேல் மட்டும் ஓடவில்லை, நீரின்மேலும் ஓடிற்று. ஆனால் தண்டவாளங்களின் இடை அகலம் ஒன்றே. அவ்வொன்று மாறியிருந்தால் வண்டி இங்கேயே நின்றிருக்கும்.

இனி நம் வீட்டுக்கு வருவோம். திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் இந்நகருக்கு வந்து, தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் மான்குர்த்திலும் குடியமர்ந்த நாம் ஒரு முதற் பாகம். இங்கே பிறந்து மராத்தியும் இந்தியும் ஆங்கிலமும் பேசி வளரும் நம் பிள்ளைகள் இரண்டாம் பாகம். "நாங்கள் பட்ட பாடு இவர்களுக்குத் தெரியவில்லை, எங்களைப் போல் இவர்கள் இல்லை" என்று நம்மில் பலர் வருந்துகிறோம். அவ்வருத்தத்தில் சித்திராபதியின் குரல் சற்றுக் கலந்திருக்கிறது. நம்மைப் போல் அவர்கள் ஏன் இருக்க வேண்டும்? நாம் கழிமுகத்தின் கரை வரை வந்தோம். அவர்கள் அதைக் கடக்க வேண்டியவர்கள்.

ஆனால் அவர்கள் கையில் நாம் கோப்பைக் கொடுத்திருக்கிறோமா? தாத்தா எந்த ஆண்டு எந்த ஊரிலிருந்து புறப்பட்டார், ஏன் புறப்பட்டார், முதல் இரவு எவர் வீட்டில் தங்கினார், எவர் வேலை வாங்கிக் கொடுத்தார், எவரிடம் ஏமாந்தார் என்பன எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நாம் சொல்லாவிட்டால் அவ்விடம் வெற்றிடமாக இராது. விளையாட்டு தானே ஒரு பழங்கதையைக் கற்பித்துக்கொள்வது போல, ஊரார் ஒன்றைக் கற்பித்துக் கொடுப்பர். 'மதராஸி' என்ற ஒரே சொல்லில் ஐந்தாறு மாவட்டத்தாரின் வரலாற்றையும் அடக்கிவிட்டது இந்நகரம். அச்சொல்லைக் கேட்டு நாணும் பிள்ளைக்கு, அதற்கு மாற்றாகச் சொல்ல ஒரு கதை வேண்டும்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று வாங்குங்கள். வீட்டில் மூத்தவர் ஒருவரை அமர்த்தி, அவர் சொல்வதைப் பிள்ளையின் கையாலேயே எழுத வையுங்கள். தமிழ் எழுதத் தெரியாத பிள்ளை தெரிந்த எழுத்தில் எழுதட்டும். ஆண்டு, ஊர், உதவியவர் பெயர் ஆகியவை தவறாமல் இருக்கட்டும். பெருமையை மட்டும் சொல்ல வேண்டாம், தவறியதையும் சொல்லுங்கள். ஒருநாள் அப்பிள்ளை, "நீங்கள் ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்கலாம். அப்பொழுது சினம் கொள்ளாதீர்கள். கண்ணகியே மணிமேகலைக்கு விடை கூறினாள்.

மூத்தவர்கள் நெடுநாள் காத்திருக்க மாட்டார்கள். ஆதலின் இப்பணியை அடுத்த விடுமுறைக்கு என்று ஒத்திவைக்காமல், வரும் ஞாயிற்றுக்கிழமையே தொடங்குங்கள்.