மாரியும் மண்பாதையும்

வாடைக்காற்று வீசத் தொடங்கிவிட்டது. ஐப்பசியிற் பிறக்கும் மழை மார்கழி கழியும் வரையில் நம் குடாநாட்டை விடாது. ஆண்டு மழையின் பெரும்பகுதியை நாம் பெறுவது இம்மூன்று திங்களிலேயே. கமக்காரனுக்கு இஃது உயிர். அலுவலகம் விட்டு வந்து ஓட்டமும் துவிச்சக்கரவண்டியுமாகத் தேகத்தைப் பழக்கும் இளைஞனுக்கோ இது சோர்வுக் காலம். ஆவணியில் ஐம்பது மைல் ஓடியவன் மார்கழியிற் போர்த்துப் படுத்துவிட்டு, தையிலே மறுபடியும் அரிச்சுவடி தொடங்குவதைப் பல ஆண்டுகளாகக் கண்டு வருகின்றேன்.

இக்கிழமை இதைப் பற்றி எழுத நேர்ந்ததற்கு ஒரு தாயார் காரணர். அவருடைய மகன் என்னிடம் பௌதிகம் படித்தவன். இப்பொழுது யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஓர் அலுவலகத்தில் எழுதுவினைஞன். சென்ற மாரியில், மாலை மங்கிய வேளையில், வல்லை வெளியால் வண்டியில் வந்துகொண்டிருந்தவனை ஏதோ ஒரு வாகனம் தட்டிவிட்டு நில்லாமற் போயிற்று. காறை எலும்பு முறிந்தது. இந்த ஐப்பசி பிறந்ததும் தாயார் என் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்.

"மாஸ்டர், நீங்கள் சொன்னாற் கேட்பான். மழை முடியுமட்டும் இந்தச் சைக்கிளை விடச் சொல்லுங்கோ."

மகனைக் கேட்டேன். "மூண்டு மாதம் விட்டா, பிறகு பழைய மூச்சுக்கு வரப் பங்குனியாகும் சேர்," என்றான். இருவர் சொன்னதும் நியாயமே. எனக்குத்தான் இக்கட்டு.

நெடுந்தூரப் பித்து நம் மண்ணுக்குப் புதிதன்று. தொண்டைமானாற்று நவரத்தினசாமி 1954இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்தார். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அதே நீரிணையை ஒரே முயற்சியில் போய்த் திரும்பி நீந்தினார். அவர் தொழிலாற் சட்டத்தரணி. வழக்குக் கட்டுகளுக்கிடையே நேரம் தேடியவர். 1984இல் ஆங்கிலக் கால்வாயில் அவர் உயிர் நீத்ததையும் நாம் அறிவோம். அந்தத் தாயாரும் அறிவார்.

மகனைத் தடுக்க எனக்கு மனம் வரவில்லை. பாதையை மாற்றலாமா என்று யோசித்தேன். காப்பெற் வீதிகள் வந்தபின் நம் பெருவீதிகளில் வாகனங்களின் வேகம் மிகுந்துவிட்டது. மழையில் ஓட்டுநர் கண்ணுக்கு ஒற்றைச் சைக்கிள் தெரிவதில்லை. ஆனால், குடாநாட்டில் தார் காணாத ஒழுங்கைகளும் பனங்கூடற் பாதைகளும் இன்னும் எத்தனையோ உண்டு. இளைஞர்கள் அவற்றைப் பாதை என்றே மதிப்பதில்லை.

ஐரோப்பியர் இந்த உண்மையை எப்பொழுதோ கண்டுகொண்டனர். தானியேல் கூசோ என்ற பிரெஞ்சுப் போர்வீரர், குதிரையேறிச் சென்ற நண்பர்களுடன் காட்டுவழியிற் சைக்கிளோடிப் பழகி, 1902இல் அந்நாட்டின் முதற் சைக்கிளோகுரொஸ் போட்டியை நடாத்தினார். சேற்றிலே மிதித்து, மிதிக்க முடியாத இடத்தில் வண்டியைத் தோளிற் சுமந்து ஓடுவது அப்போட்டி. 1907இல் அதில் வென்ற ஒக்தாவ் லப்பீஸ், 1910இல் பிரான்சைச் சுற்றும் பெரும் போட்டியிலும் வென்றார். 2023இல் ஒல்லாந்தரான மத்தியூ வான் டர் பூல் சேற்றோட்டத்திலும் வீதியோட்டத்திலும் ஒரே ஆண்டில் உலக வாகை சூடினார்.

இதன் காரணம் பௌதிகத்தில் உள்ளது. வேகம் இருமடங்கானால், காற்றை எதிர்க்கச் செலவாகும் வலு எண்மடங்காகும். ஆதலால் தார்வீதியிலே தேகத்தை வருத்த விரும்புபவன் வேகமாக ஓடியே தீரவேண்டும். மணலிலோ சில்லு புதைகின்றது. மெதுவாகப் போனாலும் நெஞ்சு அடித்துக்கொள்கின்றது. மிதியாமற் சும்மா உருண்டு போகும் சுகம் அங்கே கிடையாது. அலுவல் மிகுந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் நல்ல வேலை முடிந்துவிடும். விழுந்தாலும், பெரும்பாலும் மணலில் விழலாம்.

பிறருக்குச் சொல்லுமுன் நானே பார்க்க வேண்டுமென்று, நாற்பதைத் தாண்டிய இத்தேகத்துடன் ஒரு ஞாயிறு காலை அவனோடு புறப்பட்டேன். துன்னாலையிலிருந்து வல்லிபுரக் கோயிலடி சென்று, அங்கிருந்து மணற்காட்டுப் பக்கம். முதல் மணற்பரப்பிலேயே முன்சில்லு திரும்பி நான் பக்கவாட்டிற் சாய்ந்தேன். ஆடு மேய்த்த சிறுவன் ஒருவன் வாய்விட்டுச் சிரித்தான், சிரிக்கட்டும்.

பிழை எனதே. வீதிக்கு அடித்த காற்றுடன் மணலுக்குப் போனேன். ரயரிற் சிறிது காற்றை இறக்கிவிட்டால் அது பரந்து மணலை மிதித்துச் செல்லும். மெல்லிய ஓட்டரயரிலும் நம் அப்புமார் ஓடிய இருபத்தெட்டு அங்குலச் சில்லு இவ்விடத்தில் மேல். மலைச்சைக்கிள் இருப்பின் இன்னும் நன்று. மணல் வருமுன்னரே இலகுவான கியருக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். உள்ளே போனபின் கைபிடியைத் திருகாமல், பிறேக்கைத் தொடாமல், பின்னுக்குச் சாய்ந்திருந்து மிதித்துக்கொண்டேயிருக்க வேண்டும். நின்றுவிட்டால் இறங்கித் தள்ளுக. சவுக்கங்காட்டு ஓரமாக, மணலிற் புதையுண்ட பழைய தேவாலயம் வரையில் நாங்கள் தள்ளியதும் ஓடியதும் பாதிபாதி. மணல்மேட்டில் அடம்பன்கொடி படர்ந்த இடத்திற் சில்லை ஏற்றலாகாது. மணலைப் பிடித்து வைத்திருப்பது அக்கொடியே.

எச்சரிக்கையும் உண்டு. வெள்ளம் மூடிய வயலிற் கட்டில்லாத கிணறு இருப்பது கண்ணுக்குத் தெரியாது. தெரியாத நீரில் வண்டியை விடாதீர்கள். 2024 டிசம்பரில் எலிக்காய்ச்சல் யாழ்ப்பாணத்திற் பல உயிர்களைக் கொண்டது. காலிற் காயத்துடன் வயல்நீரில் இறங்குவது மூடத்தனம். முகமாலைப் பக்கம் போவோர், கண்ணிவெடி புதைந்திருந்த மண் அது என்பதை மறவாமல், மக்கள் நாளும் நடக்கும் பாதையைவிட்டு ஓரடியும் விலகலாகாது. வீடு வந்ததும் வண்டியை நன்னீரிற் கழுவிச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புமண் இரும்பைத் தின்றுவிடும்.

மண்பாதை எல்லாவற்றுக்கும் ஈடாகுமென்று நான் சொல்லவில்லை. நான்கு மணி நேரம் ஒரே இருப்பில் இருந்து மிதிக்கும் பழக்கத்தை அது தராது. மழை விட்ட ஞாயிறு காலையில், நன்கு விடிந்தபின், வீதியில் ஒரு நெடும்பயணம் போகத்தான் வேண்டும். கிழமை நாட்களில் மாலை ஆறு மணிக்கே இருண்டுவிடுவதால், அவன் இப்பொழுது வேலைக்குப் போகுமுன் இரண்டு நாட்கள் ஒழுங்கைகளில் ஓடுகின்றான். நிலம் வெளுத்தபின்பே படலையைத் திறக்கலாம் என்பது தாயாரின் நிபந்தனை.

சென்ற புதன்கிழமை அவரைச் சந்தையிற் கண்டேன். "எலும்புக்கு ஒண்டுமில்லை, மாஸ்டர், ஆனா அந்தச் சேத்து உடுப்பை ஆர் தோய்க்கிறது?" என்றார். அவனே தோய்க்க வேண்டும் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தேன்.