எஃகோடு எதற்கு ஒப்பீடு?

சிலந்தி நூல் எஃகைவிட வலியது என்று ஓயாமல் சொல்கிறோம். எடைக்கு எடை பார்த்தால்தான் அது சரி. அதன் உண்மையான சிறப்பு, அறுவதற்கு முன் அது உள்வாங்கிக்கொள்ளும் ஆற்றல்தான். மடகாஸ்கரில் ஆற்றுக்குக் குறுக்கே வலை கட்டும் டார்வின் மரப்பட்டைச் சிலந்தியின் நூல் இதில் கெவ்லார் என்ற செயற்கை இழையையே பல மடங்கு மிஞ்சுகிறது என்று 2010-இல் அளந்து சொன்னார்கள். இத்தனைக்கும் நூல் வெறும் புரதம். கிளைசின், அலனைன் என்ற அமினோ அமிலங்கள் அதில் மிகுதி. அலனைன் வரிசைகள் நெருக்கமாக அடுக்கப்பட்டு நுண்படிகங்களாகி உறுதி தருகின்றன. கிளைசின் மிகுந்த பகுதிகள் ஒழுங்கின்றிச் சுருண்டு கிடக்கின்றன, இழுத்தால் நீள்கின்றன. படிகங்களைப் பிணைப்பவை ஹைட்ரஜன் பிணைப்புகள். தனித்தனியே அவை மிக வலுவற்றவை, சேர்ந்து நின்று பாரத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. ஆனால் என்னை மலைக்க வைப்பது நூல் அல்ல, அது பிறக்கும் விதம். கெவ்லார் இழையை நூற்க அடர் கந்தக அமிலம் வேண்டும். சிலந்தியோ நீரில் கரைந்த புரதத்தை, போகப்போக அமிலத்தன்மை ஏறும் ஒரு குறுகிய குழாய் வழியே இழுத்து, சாதாரண வெப்பநிலையிலேயே திட நூலாக்கிவிடுகிறது. சிலந்தியின் மரபணுவை ஆட்டுக்கும் பாக்டீரியாவுக்கும் மாற்றி அந்தப் புரதத்தைப் பெற்றாயிற்று. அடுத்த முதலீடு அந்தக் குழாயைப் புரிந்துகொள்ளவே போக வேண்டும்.