துடுப்பு கிழிஞ்சா முதலில் மருந்து பாட்டிலைத் தேடாதீங்க

பதிவு எழுதி ரெண்டு மாசம் ஆச்சு. அரையாண்டுக் கணக்கு முடிப்பு, அப்புறம் தணிக்கை. இப்பத்தான் மூச்சு விட நேரம் கிடைச்சுது.

நான் பி.காம். படிச்ச ஆளு, மீன் வைத்தியன் இல்லை. மும்பையில் மூணு வருஷமா கடல் மீன் தொட்டி வச்சு, காசையும் மீனையும் தொலைச்சவன் என்கிற ஒரே தகுதியில் எழுதறேன்.

மதுரையிலிருந்து மாற்றலாகி செம்பூர் வந்தப்ப மகள் எட்டாம் வகுப்பு. சிநேகிதிகளை விட்டுட்டு வந்து முகம் வாடிக் கிடந்தவளுக்காக வாங்கின தொட்டி. ரெண்டு கோமாளி மீன் (நீமோன்னு சொன்னாத்தான் வாண்டுகளுக்குப் புரியும்), ரெண்டு இறால், அப்புறம் ஒரு நீல டாம்செல். டாம்செல் வந்த ஒரே வாரத்தில் சின்னக் கோமாளியோட வால் கிழிஞ்சிருந்தது. கடைக்காரர் மீனைப் பார்க்காமலே ஒரு பாட்டிலை நீட்டினார். ஒரு வீட்டுக் கடனுக்கு முப்பது காகிதம் கேக்கிற நான், ஒரு கேள்வி கூட கேக்காம தொட்டியில் ஊத்தினேன்.

அதில் இருந்தது செம்பு. அது ஒட்டுண்ணிக்கான மருந்து, கிழிஞ்ச வாலுக்கு ஒண்ணும் பண்ணாது. இறாலுக்கோ விஷம். மறுநாளே ரெண்டு இறாலும் காலி. பாறையில் ஒட்டியிருந்த குட்டி உயிர்களும் செத்து அழுகி, அம்மோனியா ஏறி, நாலாம் நாள் சின்னக் கோமாளியும் போச்சு. மகள் அழலை. "அதுக்கு என்ன வியாதின்னு பார்த்தீங்களாப்பா?"ன்னு மட்டும் கேட்டா.

என் கட்சி இதுதான்: கிழிஞ்ச துடுப்பு வியாதி இல்லை, அறிகுறி. காரணம் தெரியாம மருந்து ஊத்தறதை விட ஒரு நாள் உக்காந்து பார்க்கறது மேல்.

என்ன பார்க்கணும்?

துண்டு கடிச்சு எடுத்த மாதிரி, ஓரம் சுத்தமா இருந்தா அது பெரும்பாலும் கடி. விளக்கணைக்கிற நேரத்தில் பத்து நிமிஷம் அசையாம உக்காருங்க. எங்க வீட்டில் அப்படி உக்காந்து டாம்செல்லைக் கையும் களவுமா பிடிச்சது மகள்தான். அது அடுத்த கோமாளியையும் கடிக்க ஆரம்பிச்சிருந்தது.

ஓரம் வெளுத்து, நைஞ்சு, செவப்புக் கோடு ஓடி, நாளுக்கு நாள் உள்ளே போனா பாக்டீரியா அழுகல்.

காலிஃபிளவர் மாதிரி வெள்ளை முடிச்சுன்னா லிம்போசிஸ்டிஸ் என்கிற வைரஸ். அதுக்கு மருந்தே இல்லை. தண்ணி நல்லா இருந்தா பெரும்பாலும் தானா உதிரும்.

பல மீனுக்கும் ஒரே நேரத்தில் துடுப்பு நைஞ்சா, முதலில் தண்ணியைச் சந்தேகப்படுங்க. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் இருக்கணும். ஒப்படர்த்தி 1.025 பக்கம் இருக்கணும். ஆவியாகிப் போறது தண்ணி மட்டும், உப்பு அங்கேயே இருக்கும். அதனால குறைஞ்ச அளவுக்கு நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி இல்லை. ஊருக்குப் போய்ட்டு வந்து இதில் கோட்டை விடறவங்க நிறைய.

கடின்னா, கடிக்கிறதைப் பிரிச்சிடுங்க. துடுப்போட அடிப்பகுதி சேதமாகாம இருந்தா சில வாரத்தில் வளரும். எங்க கோமாளிக்கு ஒரு சொட்டு மருந்து இல்லாம வளர்ந்தது. அழுகல்னா, அதே சூட்டில், அதே உப்பில் தனித் தொட்டி. மணல், பாறை வேண்டாம், ஒளிஞ்சுக்க ஒரு பிவிசி குழாய்த் துண்டு போதும். ஆன்டிபயாடிக் கொடுக்கறதா இருந்தா அங்கேதான், சொன்ன நாள் முழுக்க. பெரிய தொட்டியில் ஊத்தினா அம்மோனியாவைச் சாப்பிடற நல்ல பாக்டீரியாவும் சாகலாம்.

இதையெல்லாம் இங்கே எழுத இன்னொரு காரணமும் உண்டு. அந்த வருஷம் மகளோட மார்க் சரிஞ்சது. உடனே டியூஷன் சேர்த்தேன், ரெண்டு பாடத்துக்கு. மாசம் ரெண்டு போச்சு, மார்க் நகரலை. தங்கமணிதான் ஒரு ராத்திரி பக்கத்தில் உக்காந்து கேட்டாங்க. வகுப்பில் ஒரு கூட்டம் அவ ஹிந்தியைச் சொல்லிக் காட்டி தினம் சிரிச்சிருக்கு. பாடத்தில் குறையே இல்லை. டீச்சர்கிட்ட பேசி இடம் மாத்தினோம், மெல்ல மெல்ல சரியாச்சு.

ஊர் மாறி வந்த நம்ம எல்லார் வீட்டிலும் ஒரு கிழிஞ்ச துடுப்பு இருக்கும். பாட்டிலைத் திறக்கறதுக்கு முன்னாடி, விளக்கை அணைச்சுட்டு பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க.

பி.கு: டாம்செல் இப்ப தனித் தொட்டியில் ராஜா மாதிரி இருக்கு. மாற்றல் வாங்கறதில் அது என்னை விட அதிர்ஷ்டசாலி.