கத்தியோடு வைத்தியம் முடிந்ததா?

உடம்பு பருத்த ஒருவரைக் கண்டால் "உட்கார்ந்து தின்கிற உடம்பு" என்று சொல்வது நம் பக்கத்து வழக்கம். பருமன் பணக்காரன் வியாதி என்று நாமும் நெடுநாள் நினைத்திருந்தோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு வேறு கதை சொல்கிறது. 2019-21-ல் எடுத்த அந்தக் கணக்கின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள தமிழ்நாட்டுப் பெண்களில் நூற்றுக்கு 40 பேரும் ஆண்களில் 37 பேரும் அளவுக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள். இத்தனை பணக்காரர்கள் தமிழ்நாட்டில் எங்கே இருக்கிறார்கள்?

ராத்திரி ஷிப்டு முடித்து, விடியற்காலையில் பரோட்டாவைத் தின்றுவிட்டுப் படுக்கிற மில் தொழிலாளி இந்தக் கணக்கில் இருக்கிறார். மூன்று வேளையும் அரிசிச் சோறும் பாமாயிலில் வெந்த வடையுமாக வயிற்றை நிரப்பும் விவசாயத் தொழிலாளியின் மனைவியும் இருக்கிறார். சோறில்லாமல் மெலிந்த காலம் ஒன்று. சத்தில்லாத சோற்றால் ஊதுகிற காலம் இது.

பருமனோடு சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, மூட்டுவலி எல்லாம் சேர்ந்து வாட்டும்போது, சிலருக்கு டாக்டர்கள் எடை குறைக்கும் ஆபரேஷன் சொல்கிறார்கள். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்குவது ஒரு முறை. இரைப்பையைச் சிறு பையாக்கி நேரே குடலில் இணைப்பது மற்றொரு முறை.

இந்த ஆபரேஷனுக்கு நாம் விரோதிகள் அல்ல. ஸ்வீடன் தேசத்தில் 1987-ல் தொடங்கி நாலாயிரத்துக்கு மேற்பட்டவர்களைப் பல வருஷம் தொடர்ந்து பார்த்தார்கள். ஆபரேஷன் செய்துகொண்டவர்களிடையே சாவு குறைந்தது என்று 2007-ல் முடிவு வெளியிட்டார்கள். குடலோடு இணைக்கும் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் முதல் ஓரிரு வருஷத்தில் தங்கள் எடையில் நூற்றுக்கு 32 பங்கை இழந்தார்கள். பத்தாம் வருஷத்தில் அது 25 பங்காக நின்றது. கொஞ்சம் திரும்பி வந்தது; பெரும்பங்கு வரவில்லை. நல்ல பலன்தான். ஆனால் அங்கே பத்து வருஷம் கழித்தும் நோயாளியைக் கூப்பிட்டுப் பார்க்க ஆள் இருந்தது. இங்கே யார் இருக்கிறார்கள்?

2024 ஏப்ரலில் புதுச்சேரி இளைஞர் ஒருவர் சென்னையை அடுத்த பம்மலில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் இந்த ஆபரேஷனுக்குப் போய் உயிரிழந்தார். நாடே பேசியது. சர்க்கார் விசாரணை நடத்தி, அந்த ஆஸ்பத்திரியின் உரிமத்தைத் தற்காலிகமாக நிறுத்தியது. மேஜையில் நேரும் சாவு பத்திரிகையில் வருகிறது. வீட்டுக்குத் திரும்பி வந்தபின் வருஷக் கணக்கில் தேய்ந்து போகிறவனைப் பற்றி எந்தப் பத்திரிகை எழுதுகிறது?

நாம் கண்ட ஒருவர்

சங்கரன்கோவிலில் சங்கச் சந்தா வசூலிக்கப் போன இடத்தில் ஒரு விசைத்தறித் தொழிலாளியைப் பார்த்தோம். மூன்று வருஷத்துக்கு முன் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்து, ஒரு பெரிய நகரத்தில் ஆபரேஷன் செய்துகொண்டவர். முதல் வருஷம் நாற்பது கிலோ குறைந்தது, சர்க்கரை இறங்கியது. சங்கக் கூட்டத்துக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நமக்கும் சந்தோஷமாக இருந்தது.

இப்போது அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். "காலு மரத்துப் போய்க் கெடக்கு, தோழர். மிதிக்கிறது தரையா பஞ்சான்னே தெரியல" என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் என்னவாயிற்று என்று கேட்டோம். "எடை கொறஞ்சிட்டு, சீக்கும் போயிட்டு. தறிக்கு நூல் இல்லாத மாசத்துல மாத்திரைக்கு எங்க போக? விட்டுட்டேன்."

திருநெல்வேலி சர்க்கார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனோம். பி-12 வைட்டமினும் இரும்புச் சத்தும் அடிமட்டத்துக்குப் போயிருந்தன. ஊசி போட்டார்கள். உணர்ச்சி பாதி திரும்பியது, மீதி திரும்பவில்லை. தறியில் நின்று நெய்தவர் இன்று தார் சுற்றிக்கொண்டிருக்கிறார்.

அவர் செய்த தப்பு என்ன? வியாதி போய்விட்டது என்று நம்பியதுதான். அப்படி நம்பும்படி விட்டது யார்? பணம் வாங்குகிறவரை பத்துத் தடவை போன் செய்த ஆஸ்பத்திரி, மூன்று வருஷத்தில் ஒரு தடவைகூட "எப்படி இருக்கிறாய்?" என்று கேட்கவில்லை.

தெரிந்துகொள்ள வேண்டியவை

இந்த ஆபரேஷன் செய்தவர் வீட்டில் இருந்தால், இவற்றை அந்த வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் இரண்டு வாரம் நீராகாரம். பிறகு கூழாக மசித்தது. பிறகு குழைய வெந்தது. வழக்கமான சாப்பாட்டுக்கு வர ஒன்றரை, இரண்டு மாதம் ஆகும். சிறிது சிறிதாக, நன்றாக மென்று தின்ன வேண்டும். சாப்பாட்டோடு தண்ணீர் குடிக்கக் கூடாது. அரை மணி கழித்து மடக்கு மடக்காகக் குடிக்கலாம். வெயிலில் களை எடுக்கிறவரும் தறிச் சூட்டில் நிற்கிறவரும் வேலைக்கு நடுவே அடிக்கடி ஒரு மடக்கு குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மாதம் ஒன்றரை ஆகும்வரை மூட்டை தூக்கக் கூடாது.

வைட்டமின், இரும்பு, சுண்ணாம்புச் சத்து மாத்திரைகள் ஆயுள் முழுவதும் வேண்டும். ஓயாத வாந்தி இருந்தால் வீட்டில் வைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்கக் கூடாது. சில வாரத்திலேயே நரம்பு கெட்டுவிடும். இடுப்புவலிக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை, இந்த வயிற்றில் புண் உண்டாக்கும். சாராயம் முன்னைவிட வேகமாக ஏறும். பெண்கள் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். சர்க்கரை மாத்திரையைக் குறைப்பதும் நிறுத்துவதும் டாக்டர் சொல்லித்தான் நடக்க வேண்டும். முதல் வருஷம் பலமுறை பரிசோதனை. பிறகு வருஷா வருஷம் ஆடித் தபசு வருவதுபோல் ரத்தப் பரிசோதனையும் வந்தாக வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியம் புரதச் சத்து. ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம். இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் கரையும். உழைக்கிறவனின் மூலதனமே அந்தச் சதைதான். ரேஷன் கடையில் ஒரு குடும்பத்துக்கு மாதம் ஒரு கிலோ துவரம்பருப்பு கிடைக்கிறது. நாளைக்கு 33 கிராம். அதில் உள்ள புரதம் ஏறக்குறைய ஒரு முட்டையில் உள்ள அளவு. அதையும் வீட்டில் நாலு பேர் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும்! "முட்டை, மீன், பால், பயறு சாப்பிடு" என்று சீட்டில் எழுதுவது சுலபம். அந்தச் சீட்டைக் கொண்டுபோனால் எந்தக் கடைக்காரன் சாமான் கொடுப்பான்?

யார் பொறுப்பு?

இ.எஸ்.ஐ. உள்ள மில் தொழிலாளிக்கு, சந்தா நாள் கணக்கு சரியாக இருந்தால், வருஷத்தில் 91 நாள் வரை 70 சதவீதக் கூலி நோய்க்காலத்தில் கிடைக்கிறது. போராடிப் பெற்ற உரிமை அது. இ.எஸ்.ஐ. பதிவே இல்லாத தறித் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? நாற்று நடுகிற பெண்ணுக்கு என்ன இருக்கிறது? சங்கரன்கோவிலிலிருந்து திருநெல்வேலி ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு ரத்தப் பரிசோதனைக்கு ஒரு நாள் கூலி போகிறது. முடிவை வாங்க இன்னொரு நாள் போகிறது. "நோயாளிக்கு அக்கறை இல்லை" என்று சொல்கிறவர்கள் இந்தக் கூலிக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

1950-களில் அமெரிக்காவில் குடலைச் சுருக்கி இணைக்கும் ஆபரேஷன் ஒன்று வந்தது. எடை குறைந்தது, ஆனால் பின்னால் பலருக்கு ஈரல் கெட்டது, சிறுநீரகத்தில் கல் வந்தது. கடைசியில் அந்த முறையையே கைவிட்டார்கள். ஆபரேஷனின் வெற்றி தோல்வியை வீட்டுக்கு அனுப்பும் நாளில் அளக்க முடியாது என்பதற்கு அது சாட்சி.

ஆகவே நாம் கேட்பது இவை. இந்த ஆபரேஷன் செய்யும் ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் பின் கவனிப்பையும் சேர்த்தே பொறுப்பேற்க வேண்டும். ஐந்து வருஷமாவது நோயாளியைத் தேடிப் பார்த்ததற்குக் கணக்குக் காட்ட வேண்டும். சங்கரன்கோவில் சர்க்கார் ஆஸ்பத்திரியிலேயே இவர்களுக்கு வேண்டிய ரத்தப் பரிசோதனையும் ஊசி மாத்திரையும் இலவசமாகக் கிடைக்க வேண்டும். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து காட்டியது. அந்த வழியில் இவர்களையும் தேடி வர வேண்டும். ரேஷனில் பருப்பின் அளவைக் கூட்ட வேண்டும். விசைத்தறித் தொழிலாளிக்கு இ.எஸ்.ஐ. வேண்டும்.

சங்கத் தோழர்களுக்கும் ஒரு வேலை உண்டு. உங்கள் தெருவில், உங்கள் ஷெட்டில் இந்த ஆபரேஷன் செய்தவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். மாத்திரை தின்கிறாரா, கால் மரக்கிறதா, கடைசியாக ரத்தம் பார்த்தது எப்போது என்று கேளுங்கள். சந்தா வாங்கப் போகும்போது கேட்டால் போதும். நாம் ஒரு வருஷம் முன்னால் கேட்டிருந்தால், அந்தத் தோழர் இன்றும் தறியில் நின்றுகொண்டிருப்பார்.